கஞ்சி குடித்தால் சர்க்கரை ஏன் எகிறுகிறது?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் மாமியாருக்கு 61 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். சில மாதம் முன்பு, மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லி வோக்லிபோஸ் 0.2 மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து வயிறு உப்புசம், கடமுடச் சத்தம், வாயு. “இந்த மாத்திரை எனக்குச் சேரலை” என்று வாரத்தில் பாதி நாள் போடுவதில்லை. போடாத நாளிலும் ராத்திரி உப்புசம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பெரிய டம்ளர் பால் குடித்துவிட்டுத்தான் படுப்பார்.

வீட்டில் மெஷின் இருக்கிறது. மதியம் சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 214. சோற்றை விட்டுவிட்டு மூன்று சப்பாத்தி சாப்பிட்ட அன்று 206. போன மாதம் காய்ச்சல் வந்தபோது அரிசிக் கஞ்சி மட்டும்தான் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் 278! கஞ்சி லேசான ஆகாரம் அல்லவா? சோறோ கஞ்சியோ துளிகூட இனிப்பதில்லை. அது உடம்புக்குள் எந்த இடத்தில் சர்க்கரையாக மாறுகிறது? பழைய சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

இன்னொன்று. ஒரு நாள் மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். மதியச் சமையல் தாமதமாகிவிட்டது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயக்கம் மாதிரி வந்தது. சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தோம். தெளிய வெகு நேரம் ஆனது. ஏன்?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் ‘இன்னொன்று’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் ஒரு வாரம் கழித்துத் தெரிந்துகொண்டாலும் பரவாயில்லை. இது இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியது.

உங்கள் மாமியாருக்கு வந்தது பெரும்பாலும் தாழ்சர்க்கரை. மெஷினில் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. வியர்வையும் நடுக்கமும் அதையே சொல்கின்றன. சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினை வெளியே தள்ளுகிற மாத்திரை கிளிமிபிரைடு. சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். அப்போது எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். ஆனால் வோக்லிபோஸ் போடுகிறவருக்குச் சீனித் தண்ணீர் உடனே கைகொடுக்காது. சீனி என்பது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் ஒட்டிக்கொண்டிருக்கிற இரட்டை. அந்த இரட்டையைப் பிரித்தால்தான் குடல் உள்ளே விடும். பிரிக்கிற நொதியை (என்சைமை)த்தான் இந்த மாத்திரை பிடித்து வைத்திருக்கிறது. முழுக்கத் தடுத்துவிடாது, ஆனால் தாமதப்படுத்தும். மயக்கத்தில் இருப்பவருக்கு அந்தத் தாமதம் ஆகாது.

ஆகவே மருந்துக்கடையில் குளுக்கோஸ் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி, மெஷின் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். ஒரு சின்னப் பொட்டலம் அவர் கைப்பையிலும் இருக்கட்டும். அறிகுறி வந்தாலோ, மெஷினில் 70-க்குக் கீழே காட்டினாலோ, சுமார் 15 கிராம், அதாவது குவித்து மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். மிட்டாய், கற்கண்டு, வெல்லம் எல்லாம் சீனியின் உறவுக்காரர்கள்தான், இந்த நேரத்தில் அவற்றை நம்ப வேண்டாம்.

ஏன் குளுக்கோஸ் மட்டும் உடனே வேலை செய்கிறது என்பதற்குள்தான் உங்கள் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. சோறு எங்கே சர்க்கரையாகிறது என்று கேட்டீர்கள். ஒரே இடத்தில் அல்ல.

அரிசியில் இருக்கும் மாவுச்சத்து முழுவதும் குளுக்கோஸ்தான். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகளை நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனிப் பூவாகவோ இரண்டு பூ சேர்ந்த துண்டாகவோ இருந்தால்தான் நாக்குக்கு இனிப்புத் தெரியும், நீளச் சரமாக இருந்தால் தெரியாது. சரத்தில் இரண்டு வகை. நீளமாக, கிளை இல்லாமல் போவது அமைலோஸ். கிளை கிளையாகப் பிரிவது அமைலோபெக்டின். கிளை அதிகம் இருந்தால் நொதி கடிப்பதற்கு நுனிகளும் அதிகம். அமைலோஸ் அதிகமுள்ள அரிசி வெந்தாலும் உதிரியாக நிற்கும், மெதுவாகச் செரிக்கும். குழைகிற அரிசியில் அமைலோபெக்டின் அதிகம்.

வெட்டு வாயிலேயே தொடங்கிவிடுகிறது. உமிழ்நீரில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் மெல்லிய இனிப்புத் தட்டும். பள்ளியில் செய்த அயோடின் சோதனை நினைவிருக்கிறதா? ஆறிய கஞ்சித் தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். அதில் எச்சிலைக் கலந்து வைத்தால் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். வெளுக்கிற அளவுக்கு மாவு அறுபட்டுவிட்டது என்று பொருள். இந்த அமைலேஸுக்கான மரபணு எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக மாவுச்சத்தை நிறையச் சாப்பிட்டு வந்த மக்களிடம் அதன் பிரதிகள் சராசரியாக அதிகம் என்று 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் நாம் சோற்றை மெல்வதில்லை, பிசைந்து விழுங்குகிறோம். ரசம் சாதம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வாயில் நடக்கும் வேலை கொஞ்சம்தான். இரைப்பைக்குப் போன பிறகும், சோற்று உருண்டையின் நடுவில் அமிலம் ஊறாத வரை உமிழ்நீர் நொதி வேலை செய்யும், ஊறியதும் நின்றுவிடும். மாவுச்சத்தைப் பொறுத்தவரை இரைப்பையின் பெரிய வேலை உடைப்பது இல்லை. பிடித்து வைத்து, அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவதுதான். கஞ்சி விஷயத்தில் இது முக்கியம், பிறகு சொல்கிறேன்.

முன்சிறுகுடலில் கணையத்திலிருந்து அமைலேஸ் ஏராளமாக வந்து கொட்டுகிறது. இங்கேதான் பெரிய வெட்டு. ஆனால் கணைய நொதியாலும் சரத்தைத் தனிப் பூவாக உதிர்க்க முடியாது. இரண்டு பூ, மூன்று பூ, கிளை இருந்த இடங்களில் நாலைந்து பூ சேர்ந்த துண்டுகள், அவ்வளவுதான். இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த துண்டுக்கு மால்டோஸ் என்று பெயர். மால்டோஸைக் குடல் உறிஞ்சாது.

கடைசி வெட்டு குடலின் சுவரில் நடக்கிறது. சிறுகுடலின் உட்புறம் வழுவழுப்பான குழாய் இல்லை. மடிப்பு மடிப்பாக, மடிப்பின் மேல் விரல் விரலாக நீண்ட குடலுறிஞ்சிகள். அந்த உறிஞ்சியின் ஒவ்வொரு செல்லின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள். அந்த இழைகளில்தான் கடைசி வெட்டு வெட்டும் நொதிகள் பதிந்திருக்கின்றன. மால்டோஸையும் சின்னத் துண்டுகளையும் உடைக்கிற மால்டேஸ், சீனியைப் பிரிக்கிற சுக்ரேஸ், கிளையை அறுக்கிற ஐசோமால்டேஸ், பால் சர்க்கரையைப் பிரிக்கிற லாக்டேஸ். குடலின் நடுவில் ஓடும் குழம்பில் இந்த வேலை நடப்பதில்லை, சுவரைத் தொட்டால்தான் நடக்கும். உடைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உள்ளே இழுக்கும் புரதமும் இருக்கிறது.

அந்தப் புரதத்துக்கு எஸ்ஜிஎல்டி 1 என்று பெயர். அது குளுக்கோஸைத் தனியாக உள்ளே விடாது. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம், அதாவது உப்பு, கூட வர வேண்டும். உப்பும் சர்க்கரையும் போகிற பின்னாலேயே தண்ணீரும் போகும். ஃபிரக்டோஸுக்கு வேறு வழி இருக்கிறது. அது மெதுவானது, அளவுக்கு மேல் தாங்காது. பாக்கெட் ஆப்பிள் ஜூஸை நிறையக் குடித்தால் சிலருக்கு வயிறு போவது அதனால்தான். செல்லுக்குள் வந்த சர்க்கரை மறுபக்கம் வெளியேறி, ரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் ஒரு பங்கை எடுத்துச் சேமித்துக்கொண்டு மீதியை உடம்புக்கு விடுகிறது. விரல் நுனியில் நீங்கள் குத்திப் பார்ப்பது இந்த மீதியை.

ஒரு கணக்குப் பாருங்கள். சர்க்கரை 100 இருக்கிறது என்றால் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம். உடம்பின் மொத்த ரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். அப்படியானால் ஒரு ஆளின் மொத்த ரத்தத்திலும் இருக்கிற குளுக்கோஸ் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். மதியம் ஒரு தட்டு சோறு 250 கிராம் என்று வைத்தால் அதில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. ஐந்து கிராம் மட்டும் நிற்கக்கூடிய இடத்தின் வழியாக எழுபது கிராம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கடந்து போக வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு இன்சுலின் அதை அவ்வப்போது தசைக்கும் கல்லீரலுக்கும் தள்ளிவிடுகிறது. உங்கள் மாமியாருக்கு அந்தத் தள்ளல் பலவீனம். ஆகவே அவரைப் பொறுத்தவரை கேள்வி இரண்டே: மொத்தம் எத்தனை கிராம் உள்ளே போகிறது, அது எவ்வளவு வேகமாகப் போகிறது.

முதல் கேள்வியில் சப்பாத்தி தோற்றுப்போகிறது. ஒரு சப்பாத்திக்கு 30, 35 கிராம் மாவு பிடிக்கும். மூன்று சப்பாத்தி என்றால் 65 கிராமை ஒட்டி மாவுச்சத்து. தட்டுச் சோற்றுக்குச் சமம். நம் ஊரில் டாக்டர்களே ‘சோற்றை விட்டு சப்பாத்திக்கு மாறுங்கள்’ என்று சொல்லிச் சொல்லி அது ஒரு மருந்து போல ஆகிவிட்டது. இரண்டு சப்பாத்தி, நிறையக் காய்கறி என்றால் குறையும். காரணம் சப்பாத்தி இல்லை, எண்ணிக்கை. இன்னொன்று, 214-க்கும் 206-க்கும் வித்தியாசம் என்று எதுவும் இல்லை. வீட்டு மெஷின்களுக்குச் சர்வதேசத் தரமே ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்டலாம் என்கிறது. 210-ல் 15 சதவீதம் 30-க்கு மேல். இரண்டும் ஒரே எண் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கஞ்சி. 278-ஐயும் 214-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயம். சோற்றுக்கு இரண்டு மணி நேரத்தில் பார்த்தீர்கள், கஞ்சிக்கு ஒரு மணி நேரத்தில். மாவுச்சத்துச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். சோற்றுக்கும் ஒரு மணி நேரத்தில் பார்த்திருந்தால் பெரும்பாலும் 214-க்கு மேலேயே இருந்திருக்கும். அடுத்தது, காய்ச்சல். கிருமியோடு மல்லுக்கட்டும்போது உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு படுத்திருந்தாலும் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும். ஆக, 278 முழுப் பழியையும் கஞ்சி மேல் போட முடியாது.

போட வேண்டிய அளவுக்குப் போடலாம். கஞ்சி லேசான ஆகாரம் என்பது உண்மைதான். ‘லேசு’ என்றால் செரிமானத்துக்கு வேலை குறைவு என்று அர்த்தம். அரிசியை நொய்யாக உடைத்து, நிறையத் தண்ணீரில் குழைய வேக வைக்கிறோம். மாவு மணிகள் தண்ணீரை உறிஞ்சி, ஊதி, வெடித்து விரிந்துவிடுகின்றன. நொதி நுழைய எங்கும் தடை இல்லை. மெல்லவும் வேண்டாம், இரைப்பை அரைக்கவும் வேண்டாம்; திரவம் என்பதால் இரைப்பை பிடித்து வைப்பதும் குறைவு, சீக்கிரம் இறக்கிவிடுகிறது. கூடப் பொரியலோ பருப்போ எண்ணெயோ இல்லை. முன்சிறுகுடலுக்குப் போன உடனே கணைய நொதி அறுத்து, சுவர் நொதி உதிர்த்து, எஸ்ஜிஎல்டி 1 உள்ளே இழுத்துவிடுகிறது. சர்க்கரைக்காரருக்கு ஆகாதது இந்த வேகம்.

அதே வேகம் வேறொருவருக்கு உயிர் காக்கும். வயிற்றுப்போக்கில் காய்ந்து போன குழந்தைக்கு நம் பாட்டிகள் உப்புப் போட்ட கஞ்சி கொடுத்தார்கள். அதன் கணக்கு 1960-ல்தான் வெளியே வந்தது. ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில், குடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகின்றன என்று விளக்கினார். காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாலும் இந்த வழி மட்டும் அடைபடுவதில்லை. 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே மொண்டு கொடுக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் மறைந்தார், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் வந்தது. உயிரோடு இருக்கும்போது கொடுத்திருக்கலாம்.

இதை வரலாற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் மாமியாருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ‘சர்க்கரை இருக்கிறதே’ என்று ஓஆர்எஸ், அதாவது இதே குளுக்கோஸ்-உப்புக் கரைசல், கொடுக்கத் தயங்காதீர்கள். முறையான பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, ஒரு இட்லியைவிடக் கொஞ்சம் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று உறையில் போட்டிருக்கிறதா பாருங்கள். பழச்சுவையில் பெட்டியில் வரும் பானங்கள் வேறு ரகம், அவற்றில் சர்க்கரை பல மடங்கு.

காய்ச்சல் நாளில் கஞ்சியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பச்சரிசி நொய்க்குப் பதில் புழுங்கலரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, ரொம்பக் குழையாமல். பெரிய சொம்பில் கரைக்காமல் சின்னக் கிண்ணத்தில். தொட்டுக்கொள்ளத் துவையலோ வேக வைத்த காயோ. சாப்பாடு குறைந்திருக்கும் அந்த நாட்களில் கிளிமிபிரைடு அளவை என்ன செய்வது என்று உங்கள் டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வழக்கப்படி கொடுத்துவிட்டுப் பட்டினியாகப் படுக்க வைக்கவும் வேண்டாம்.

வோக்லிபோஸ் பக்கம் வருவோம். குடல் சுவரில் மால்டேஸ், சுக்ரேஸ் போன்ற நொதிகள் இருக்கின்றன என்றேனே, இந்த மாத்திரை பார்ப்பதற்குச் சர்க்கரை மாதிரியே இருந்துகொண்டு அந்த நொதிகளின் வாயில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் மேல் குடலில் அரை மணி நேரத்தில் உதிர்ந்துவிட வேண்டிய குளுக்கோஸ், குடலின் நீளம் முழுக்கப் பரவிக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. சாப்பிட்ட பின் வரும் ஏற்றம் மட்டுப்படுகிறது. கூடுதலாக ஒரு நன்மை: சர்க்கரை பின்சிறுகுடல் வரை போவதால் அங்குள்ள செல்கள் ஜிஎல்பி 1 என்ற ஹார்மோனைச் சுரக்கும். இப்போது உடம்பு இளைக்க எல்லோரும் ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்களே, அந்த ஊசிகள் நகலெடுப்பது இந்த ஹார்மோனைத்தான்.

உதிராமல் தப்பிய துண்டுகள் பெருங்குடலுக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவை நொதிக்க வைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயுக்களை உண்டாக்கும். உங்கள் மாமியாரின் கடமுடச் சத்தம் அதுதான். ‘சேரலை’ என்பதற்கு அடையாளம் இல்லை, மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இந்தத் தொந்தரவு தொடர்ந்து போட்டால் சில வாரங்களில் பெரும்பாலும் தணியும். வழக்கமாக வேலை இல்லாமல் இருந்த கீழ்ப்பகுதிக் குடல் மெல்ல மெல்ல நொதியைக் கூட்டிக்கொள்கிறது. பெருங்குடலுக்குத் தப்பிப் போவது குறைகிறது. உங்கள் மாமியார் இரண்டு நாள் போட்டு இரண்டு நாள் விடுகிறார். குடல் பழகவே அவர் வாய்ப்புக் கொடுக்கவில்லை. சர்க்கரையும் குறையாமல் வாயுவும் தீராமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

போடுவதென்றால் சாப்பாட்டுக்குச் சற்று முன், தட்டு முன்னால் வந்த பிறகு. சாப்பிட்டு முடித்துப் போட்டால் பலன் இல்லை, சோறு தாண்டிப் போயிருக்கும். சமையல் ஆகும் முன்பே போட்டுவிட்டுக் காத்திருப்பதிலும் பலன் இல்லை. கல்யாண வீட்டில் ஜாங்கிரி, லட்டு என்று கை வைத்தால் அன்று வயிறு ரெண்டுபடும். சீனி உடையாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போவதால். அதற்குப் பயந்தாவது இனிப்பைக் குறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் தாங்க முடியவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு மருந்துக்குப் போகலாம், தப்பே இல்லை. அதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

மாத்திரை போடாத ராத்திரியும் உப்புசம் என்றீர்கள். அதற்குப் பால்தான் காரணமாக இருக்கும். பால் சர்க்கரையைப் பிரிக்கும் லாக்டேஸ், தாய்ப்பால் பருவம் முடிந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடும். தென்னிந்தியர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான். நோய் என்று சொல்வதற்கில்லை. வோக்லிபோஸுக்கும் லாக்டேஸுக்கும் சம்பந்தமும் இல்லை. பெரிய டம்ளரை அரை டம்ளராக்கிப் பாருங்கள், அல்லது ஒரு வாரம் பாலுக்குப் பதில் மோர் கொடுத்துப் பாருங்கள். தயிரில் பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையில் ஒரு பங்கை முன்பே தின்றுவிடுகின்றன. ராத்திரி கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்தால் அதையும் மாலைக்கு மாற்றுங்கள். பயறுகளில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை உடைக்கிற நொதி மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைத்தால் கொஞ்சம் குறையும்.

பழைய சோறு. வெந்த மாவு ஆறும்போது சரங்களில் சில மறுபடி நெருங்கி இறுகிக்கொள்ளும். அந்த இறுகிய பகுதியை நொதியால் அறுக்க முடியாது, பெருங்குடலுக்குப் போய்விடும். அது நல்லதுதான். பாக்டீரியாக்கள் அதிலிருந்து பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலம் செய்கின்றன, பெருங்குடல் செல்களுக்கு அதுவே உணவு. ஆனால் அளவைப் பாருங்கள். 2015-ல் வெளியான இந்தோனேசிய ஆய்வில், புதுச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்த செரிக்காத மாவு, ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம் ஆனது. கூடியது ஒரு கிராம். மிச்சம் இருபத்தைந்து கிராமுக்கு மேல் வழக்கம்போல் குளுக்கோஸாகத்தான் ஆகும். அந்த ஆய்வில் சர்க்கரை ஏற்றம் ஓரளவு குறைந்தது உண்மை, கலந்துகொண்டவர்கள் நோயில்லாத 15 பேர். ‘ஏறாது’ என்று வாட்ஸ்அப் சொல்வதை நம்பி உங்கள் மாமியார் இரண்டு கிண்ணம் குடித்தால் ஏறும். அளவோடு ஒரு கிண்ணம், சின்ன வெங்காயம், மோர் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கும் பிடிக்கும்.

வேகத்தைக் குறைக்க இதைவிட நன்றாக வேலை செய்கிற ஒன்று இருக்கிறது, காசும் ஆகாது. தட்டில் எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பது. 2015-ல் நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகள் 11 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், அதே சாப்பாட்டைக் காய்கறியும் கறியும் முதலில், ரொட்டியும் ஜூஸும் பிறகு என்று வரிசை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. நாரும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை நிதானமாகிவிடுகிறது. நம் விருந்து இலையில் முதலில் இனிப்பைத் தொட வேண்டும் என்பது மரபு. சர்க்கரைக்காரருக்கு அதைவிடத் தலைகீழான வரிசை இருக்க முடியாது. உங்கள் வீட்டில் மதியம் முதலில் ஒரு கிண்ணம் பொரியல் அல்லது கூட்டு, சுண்டலோ முட்டையோ மீனோ. அது பாதிக்கு மேல் முடிந்த பிறகு சோறு, ஒரு கரண்டி குறைத்து. சாப்பிட்டு எழுந்து பத்து, பதினைந்து நிமிடம் வீட்டு வாசலில் நடக்கச் சொல்லுங்கள். வேலை செய்கிற தசை இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

மெஷினில் பார்க்கும்போது சாப்பிடுவதற்கு முன் ஒரு எண், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு எண், இரண்டையும் குறியுங்கள். சாப்பிடும் முன்பே 170 இருந்தால் 214-க்குச் சோற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. பக்கத்திலேயே எத்தனை கரண்டி, வோக்லிபோஸ் போட்டாரா இல்லையா என்பதும் இருக்கட்டும். இரண்டு வாரம் எழுதினால் போதும். அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். மயக்கம் வந்ததை முதலில் சொல்லி, கிளிமிபிரைடு அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். அறுபது வயதுக்கு மேல் அது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அது கூடியிருந்தால் இந்த மாத்திரை உடம்பில் அதிக நேரம் தங்கும். குளுக்கோஸ் பாக்கெட்டை மட்டும் அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.